மற்ற மூன்று பிள்ளைகள்

"அக்கா, கிடைச்சிருச்சு! நம்ம குருவி தனியா இல்ல. அவளோட சேர்த்து நாலு பேர் இருக்காங்க."

அச்சடித்த காகிதத்தின் சூடு ஆறுவதற்குள் சின்னவள் போன் போட்டுவிட்டாள். மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

"என்னடி சொல்றே? நிறுத்தி நிதானமாச் சொல்லு."

"எங்க ஆபீஸ் மெஷின் தேடிக் குடுத்துச்சு. அதே நோய், அதே மருந்து. மூணு நாட்டுல நாலு பிள்ளைங்க சாப்பிட்டிருக்காங்க. ஒண்ணு நம்ம குருவி. நாலு பேருக்குமே முன்னேற்றம். வேளைக்கு ஒரு மாத்திரை சாப்பிட்ட ரெண்டு பேருக்குக் கொஞ்சமா. வேளைக்கு ரெண்டு சாப்பிட்டவங்களுக்கு நிறைய."

"நிறையன்னா?"

"ரொம்ப நல்ல முன்னேற்றம்னே போட்டிருக்குக்கா."

அக்கா குழாயை மூடினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் மெஷின் வாய்க்குச் சர்க்கரைதான்டி போடணும்" என்றாள்.

"அதுக்கு வாயே இல்லக்கா."

"வாய் இல்லாமலா இவ்வளவு பேசுது?"

குருவி, பெரியவளுடைய ஒரே மகள். வயது எட்டு. கைக்குழந்தையாக இருந்தபோது கீச்சுக்கீச்சென்று கத்தியதால் அவளுடைய அப்பா வைத்த செல்லப்பெயர் அது. நோய் வந்த பிறகு நடையும் தத்தித் தத்திக் குருவி நடையாகவே ஆகிவிட்டதால், வைத்த வாயாலேயே அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு நாக்கு கூசியது. அவர் ஒருவர்தான் இப்போது அவளை 'கண்ணு' என்று கூப்பிடுகிறவர்.

ஒரே ஒரு மரபணுவில் ஒரு பிசகு. கால் தசைகள் எந்த நேரத்தில் மரக்கட்டையாக இறுகும் என்று சொல்ல முடியாது. இறுகினால் நின்ற இடத்திலேயே விழுவாள். உலகம் முழுக்கத் தேடினாலும் இந்த நோய்க்காரர்களை ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். மருந்து என்று ஒன்று கிடையாது. நரம்பு டாக்டர்தான் யோசித்து யோசித்து, இதயத் துடிப்புக்குக் கொடுக்கிற ஒரு பழைய மாத்திரையைக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று கொடுத்துப் பார்த்தார். முதல் மூன்று மாதம் அதிசயம்தான். குருவி மாடிப்படி ஏறினாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து, முதலாவதாக வந்த பிள்ளையைவிட அதிகமாகக் குதித்தாள். அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சறுக்கல். இப்போது சுவரைப் பிடிக்காமல் நடப்பதில்லை.

மாத்திரையை நிறுத்துவதா, கூட்டுவதா? வீடு இரண்டாகப் பிளந்தது. நிறுத்தச் சொன்னார் அத்தான். கூட்டச் சொன்னாள் அக்கா. கூட்டினால் துடிப்பு ரொம்பக் குறைந்துபோகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்று டாக்டர் கையைப் பிசைந்தார். "யாராவது, எங்கேயாவது, இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துப் பார்த்திருந்தா எனக்குத் தைரியம் வரும்" என்று அவர் சொன்னதைத்தான் சின்னவள் பிடித்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவளுக்குச் சோறு போடுவதே அந்தத் தேடல்தான். அவள் வேலை பார்த்த நிறுவனத்தில் ஏஐ ஒன்று உலகத்து மருத்துவக் கட்டுரைகளையெல்லாம் படித்து ஒரு வலை பின்னிக்கொண்டே இருக்கும். மருந்து ஒரு புள்ளி, நோய் ஒரு புள்ளி, மரபணு ஒரு புள்ளி. இந்த மருந்து இந்த நோயைத் தணித்தது என்று ஒரு கட்டுரை சொன்னால் இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு கோடு விழும். இன்னொரு இடத்திலும் அப்படியே சொல்லியிருந்தால் கோடு தடிக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் கேள்வி கேட்டால், தடித்த கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏஐ பதில் எழுதும்.

சின்னவளும் அவளைப் போன்ற இன்னும் சிலரும் கோடுகளைச் சரிபார்ப்பவர்கள். இயந்திரம் எடுத்துக்காட்டும் வரி நிஜமாகவே அந்தக் கட்டுரையில் இருக்கிறதா? இருந்தால் 'சரி' என்ற பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். அந்த வரிக்குள் இருக்கும் ஆள் யார் என்பது அவர்கள் கவலை இல்லை.

"நாம தியேட்டர் வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவங்க. படம் எப்படின்னு நம்மகிட்ட கேக்கக்கூடாது" என்பான் பக்கத்து இருக்கைக்காரன். கண்ணாடியின் கனத்துக்காக அலுவலகமே அவனைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும்.

காகிதத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டதாக அக்கா போனில் சொன்னாள். "முதல் வரியைப் பார்த்துட்டு, இது நான் எழுதின கட்டுரை, நம்ம குருவின்னாரு. அப்புறம் மத்த மூணையும் விரல் வச்சு விரல் வச்சுப் படிச்சாருடி. ஆஸ்பத்திரியில சேருங்க, இதயத் துடிப்பைப் பார்க்கிற மிஷின் மாட்டி வச்சுக்கிட்டு வேளைக்கு ரெண்டாக் குடுத்துப் பார்ப்போம்னு சொல்லிட்டாரு."

"அத்தான் என்ன சொன்னாரு?"

"அவரா? பொண்டாட்டியும் மச்சினியும் டாக்டரும் ஒரு கட்சி, இதுல புதுசா மெஷின் வேற சேர்ந்திருக்கு, நான் டெபாசிட் இழந்துட்டேன்னாரு."

சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அக்கா வீட்டு விஷயத்துக்கு வந்த சிரிப்பு.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலை அக்கா மறுபடி கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "காலை வேளையைத் தள்ளி, மிஷின் மாட்டினப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு மேல ரெண்டாக் குடுக்கிறாங்களாம். ஒரே ஒரு உதவி பண்ணு. அந்த மூணு பிள்ளைங்கள்ல யாராவது ஒருத்தரோட அம்மாகிட்ட நான் பேசணும். வேற ஒண்ணும் வேண்டாம். குடுத்தீங்களா, ராத்திரி பிள்ளை தூங்கிச்சா, இவ்வளவுதான் கேட்கணும்."

"பேரெல்லாம் போட மாட்டாங்கக்கா. நோயாளி விவரம் ரகசியம்."

"எழுதின டாக்டர் பேராவது இருக்கும்ல? கண்டுபிடி. பெரிய ஆராய்ச்சிக்காரி!"

இருக்கத்தான் செய்யும். சின்னவள் காலை வேலையை ஓரம் கட்டிவிட்டு வலையில் குருவியின் நோயையும் மருந்தையும் இணைத்த கோட்டைத் தொட்டாள். அதற்குள் இருந்த நான்கு மூலங்களும் திரையில் விரிந்தன.

இரண்டாவது பிள்ளைக்கு ஆறு வயது. தொலைவில் ஒரு நாட்டில் இருக்கும் இளம் டாக்டர் ஒருத்தி மருத்துவ மாநாட்டில் தன் ஆய்வைக் காட்டத் தயாரித்த சுவரொட்டி அது. சின்னவள் அதைப் பெரிதாக்கினாள். மேலே டாக்டரின் பெயரும் முகவரியும் இருந்தன. மின்னஞ்சலைக் குறித்துக்கொண்டாள். கீழே ஒரு மூலையில் குடும்பப் படம். மரபணு நோய் என்றால் இப்படி ஒரு படம் போடுவது வழக்கம். வட்டம் என்றால் பெண், சதுரம் என்றால் ஆண். நோய் உள்ளவர் முழுக் கறுப்பு. பிசகான மரபணு இருந்தும் நோய் வராதவர் பாதிக் கறுப்பு.

முழுக் கறுப்பாக ஒரு சின்ன வட்டம். அதன் தாய்க்குப் பாதிக் கறுப்பு. தாய்க்குப் பக்கத்தில் தாயின் தங்கை, அவளும் பாதிக் கறுப்பு. தங்கையின் வட்டத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இடது பாதத்தில் இரண்டு விரல்கள் பிறவியிலேயே ஒட்டியவை.

சின்னவள் மேசைக்கு அடியில் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

அந்த இரண்டு விரல்களும் எப்போதும்போல ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. குடும்பத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்த அன்று, டாக்டரின் உதவியாளராக இருந்த ஒரு சின்னப் பெண் அந்தப் பாதத்தைப் பார்த்து, "அழகா இருக்கு, குறிச்சுக்கட்டுமா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. படிக்க வெளிநாடு போகப்போகிறேன் என்றும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன இடத்திலிருந்து போட்டிருக்கிறாள். குருவிக்கு மருந்து தொடங்கியபோது ஆறு வயது. டாக்டர் கட்டுரை எழுதியபோது ஏழு. வயது வேறு, நாடு வேறு. ஏஐ என்ன செய்யும்? இரண்டு பிள்ளை என்று எண்ணிவிட்டது.

"என்னாச்சு? பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே" என்றான் சோடாபுட்டி.

"இந்தப் பொண்ணு எங்க அக்கா பொண்ணு."

"சந்தோஷம்."

"இதுவும் எங்க அக்கா பொண்ணுதான்டா!"

அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். மூன்றாவதை அவனே திறந்தான். அரிய நோய்க்காரர்களுக்கான ஒரு பொதுப் பதிவேடு அது. பெற்றோரே இணையத்தில் நிரப்புவது. பெயர் இல்லை, ஆணா பெண்ணா இல்லை, வயது ஐந்திலிருந்து ஒன்பதுக்குள். அளவு என்ற கட்டத்தில் 'இரண்டு மாத்திரை'. பலன் என்ற கட்டத்தில் 'ரொம்ப நல்ல முன்னேற்றம்! பட்டாம்பூச்சி மாதிரி பறக்கிறாள்!'

பட்டாம்பூச்சி. அந்த மூன்று மாதமும் அக்கா போன் எடுத்தால் இந்த வார்த்தை இல்லாமல் வைக்க மாட்டாள்.

காலை ஒன்று, மாலை ஒன்று, ஆக மொத்தம் இரண்டு என்று எழுதியிருக்கிறாள் அக்கா. வேளைக்கு இரண்டு என்று எடுத்துக்கொண்டது ஏஐ. நான்காவது, வேறொரு நாட்டுப் பேராசிரியர்கள் சேர்ந்து எழுதிய தொகுப்புக் கட்டுரை. அதில் ஓர் அட்டவணை. அதற்குக் கீழே, தகவல் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. அதே பதிவேடுதான்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அப்படின்னா, ஒண்ணு சாப்பிட்டவங்களுக்குக் கொஞ்சம், ரெண்டு சாப்பிட்டவங்களுக்கு நிறையங்கிறது..."

"டாக்டருங்க எழுதினா 'ஓரளவு முன்னேற்றம்'னு அளந்து எழுதுவாங்க. பெத்தவ எழுதினா பட்டாம்பூச்சி. மருந்தோட அளவு ஒண்ணுதான். எழுதின கைதான் வேற."

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. திரையின் ஓரத்தில், ஒவ்வொரு மூலத்துக்கும் நேரே, சரிபார்த்தவரின் அடையாளம் இருந்தது. சுவரொட்டிக்கு சோடாபுட்டி. பதிவேட்டுக்கு அவளேதான். அக்காவின் வரியை அவளே படித்து, வரி இருக்கிறது என்று பார்த்து, சரி என்று அழுத்திவிட்டு, அடுத்ததற்குப் போயிருக்கிறாள்.

"நீ முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றான் சோடாபுட்டி. "போன் போட்டுக்கிட்டே போ."

அக்காவின் போன் அணைந்திருந்தது. வார்டில் மிஷின் மாட்டினால் போனை அணைக்கச் சொல்வார்கள். அத்தானுடையது அடித்து அடித்து ஓய்ந்தது. டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றது ஆஸ்பத்திரி. "அவசரம்னு சொல்லுங்க" என்று இவள் கத்த, "எல்லாரும் அதைத்தாங்க சொல்றாங்க" என்று அந்தப் பக்கத்துப் பெண் அலுத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் ஒவ்வொரு சிக்னலையும் மதித்து நின்றார். வேறொரு நாளாக இருந்தால் அவரைப் பாராட்டியிருப்பாள்.

குருவி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மார்பில் ஒட்டிய ஒயர்கள் திரைக்குப் போயின. பச்சைக் கோடு குதித்துக் குதித்து ஓடியது. பக்கத்து மேசையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு மாத்திரைகள். சாதம் இன்னும் இரண்டு வாய் பாக்கி இருந்தது.

"சித்தி! அம்மா கதை சொல்றாங்க. மைனா, புறா, மரங்கொத்தி, மூணு பேரும் ரெண்டு ரெண்டு மாத்திரை முழுங்கிட்டாங்களாம். மரங்கொத்தி மட்டும் அழுதானாம்."

"யாரும்மா மரங்கொத்தி?"

"மத்த மூணு பேரு. எனக்கு மாதிரியே காலு. அம்மாவும் நானும் பேர் வச்சிருக்கோம்."

பெரியவள் வெட்கத்தோடு சிரித்தாள். "சும்மாடி. தினம் படுக்கும்போது அதுங்களையும் சேர்த்து நல்லா இருக்கணும்னு நினைச்சுக்குவோம். நம்பர் கிடைச்சுதா?"

சின்னவள் கிண்ணத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "டாக்டர் எங்கே?"

டாக்டர் வார்டின் மறுகோடியில் இருந்தார். வராந்தாவில் நிற்க வைத்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சுவரொட்டியைப் போனில் காட்டினாள். அத்தான் காப்பிக் கோப்பையோடு வந்து, பாதியில் சேர்ந்துகொண்டார். டாக்டர் அதைப் பெரிதாக்கி, இளம் டாக்டரின் பெயருக்குக் கீழே இருந்த இரண்டாவது பெயரைப் பார்த்தார். அது அவருடைய பெயர்.

"போட்டுக்கிறேன் சார்னு கேட்டா. போட்டுக்கம்மான்னேன்" என்றார் மெதுவாக. "அப்புறம் மறந்தே போச்சு."

"இவ சறுக்கினதை ஏன் டாக்டர் எழுதல? முதல் மூணு மாசத்துக் கதைதானே எல்லா இடத்துலயும் இருக்கு?" கேட்டவர் அத்தான்.

"எழுதணும்னுதான் இருந்தேன். தேறினதை எழுதினா எல்லாரும் போடறாங்க. தேறாததை எழுதினா யாரு போடறாங்க? அப்படியே தள்ளிப்போச்சு." டாக்டர் சின்னவளின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார். ஒரு மாத்திரையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னைக்குக் கூட்ட வேண்டாம். வழக்கம்போல ஒண்ணே குடுக்கலாம். அப்புறம் மெல்லக் குறைச்சு, குறைக்கிறப்போ என்ன ஆகுதுன்னு பார்ப்போம். இனிமே இவளைப் பார்த்துத்தான் இவளுக்கு வைத்தியம். வேற யாரும் இல்ல."

இதையெல்லாம் பெரியவள் கதவோரம் நின்று கேட்டுவிட்டாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"வேற யாரும் இல்லைன்னா?" என்றாள்.

சின்னவள்தான் சொன்னாள். சுற்றி வளைக்காமல், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பெரியவள் கையை உருவிக்கொண்டாள்.

"நீதானே கொண்டாந்தே? நாலு பேருன்னு நீதானேடி சொன்னே?"

"ஆமாக்கா."

"நான் கேட்டேனா உன்னை? எவளோ ஒருத்தி இருக்கா, என்னை மாதிரியே சுவத்தோரம் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கான்னு நினைச்சு நினைச்சுத்தான்டி இந்த வாரம் பூரா எழுந்திரிச்சேன். இப்போ வந்து அந்த மூணு அம்மாவும் நீயேதான்னா?" அவள் குரல் உடைந்தது. "குடுத்திட்டுப் பிடுங்கறதுக்குப் பேசாம குடுக்காமலே இருந்திருக்கலாம்."

"அவளை ஏன் திட்டறே? மாத்திரை உள்ளே போறதுக்கு முன்னாடி வந்தாளே" என்றார் அத்தான்.

"நீங்க பேசாதீங்க. உங்க கட்சி ஜெயிச்சிருச்சு."

"நம்ம வீட்டுல யாரும் ஜெயிக்கலம்மா" என்றார் அவர். காப்பியைக் குடிக்காமலே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய் மகளுக்கு மிச்சச் சாதத்தை ஊட்டினார்.

அக்காவும் தங்கையும் நீள பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவரைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். சின்னவளுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது, அதைக் கேட்க வாய் வரவில்லை. வலையில் நான்கு பிள்ளைகளை ஒன்றாக்க அவளால் முடியும். சோடாபுட்டி அதைத் தொடங்கியிருப்பான். ஆனால் பதிவேட்டில் இருக்கும் பட்டாம்பூச்சியை அவளால் தொட முடியாது. எழுதிய தாய் ஒருத்திதான் திருத்த முடியும்.

"அக்கா, திட்டறதுன்னா இன்னும் திட்டிக்கோ. ஆனா அந்தப் பதிவை நீ மாத்தணும்."

"மாத்தி என்னன்னு எழுதறது? பட்டாம்பூச்சி செத்துப்போச்சுன்னா?"

"நடந்ததை."

"நடந்ததை எழுத முடியாமத்தான்டி அந்தப் பக்கமே போகாம இருக்கேன்" என்றாள் பெரியவள். "எழுதினா அது நிஜமாயிடும்." சொல்லிவிட்டு, நிஜமாகாமல் வேறு என்னவாக இருக்கிறது என்று தனக்கே தோன்றியதோ என்னவோ, போனை உயிர்ப்பித்துப் பதிவேட்டைத் திறந்தாள். கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகிப் பிறகு சரியானது.

உள்ளே அவளுக்குச் செய்திகள் காத்திருந்தன. எல்லாம் ஒரே ஆளிடமிருந்து. பெரியவள் படித்தாள், நிமிர்ந்தாள், மறுபடி படித்தாள், பிறகு போனைத் தங்கையிடம் நீட்டினாள்.

ஒரு தாய். மகனுக்கு இதே நோய். மருந்து தொடங்கியாயிற்று, வேளைக்கு ஒன்று. இணையத்தில் தேடிப் பார்த்ததில் வேளைக்கு இரண்டு கொடுத்த பிள்ளைகள்தான் நன்றாகத் தேறியிருக்கிறார்கள் என்று வந்ததாம். இரண்டாக்கிப் பார்க்கலாம் என்று அவர்கள் டாக்டரும் சொல்லிவிட்டாராம். 'உங்கள் பதிவைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கூட்டுவதற்கு முன் உங்களோடு ஒரு வார்த்தை பேச முடியுமா?' கடைசிச் செய்தி நேற்றைக்கு வந்தது. கீழே ஒரு போன் நம்பர்.

"இதுவும் நம்ம குருவிதானா?" என்றாள் பெரியவள். கேலியா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை.

"இல்லக்கா. இது பையன். வேற அம்மா. நிஜமான அம்மா."

பெரியவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நீ பேசறியா?"

"நான் யாருக்கா? உன்னைத்தான் கேக்கறாங்க."

பெரியவள் அந்த நம்பரை அழுத்தினாள். இரண்டு மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். யார் என்று சொன்னதுதான் தாமதம், மறுமுனையிலிருந்து சந்தோஷம் பெஞ்சின் அடுத்த ஓரம்வரை கேட்டது.

"ஐயோ, நீங்களாக்கா! பேச மாட்டீங்கன்னே நினைச்சேன். எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா, பட்டாம்பூச்சி மாதிரின்னு... இப்போ எப்படிக்கா இருக்கா? ஓடறாளா?"

சின்னவள் நகர்ந்து வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். இந்த முறை அக்கா விலகவில்லை.

"அதைச் சொல்றேன்மா. எல்லாத்தையும் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க, பையனுக்கு ரெண்டாக் குடுக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

மறுமுனையில் சந்தோஷம் மெல்ல அடங்கியது. "இன்னைக்குக் காலைலதான்க்கா, முதல் வேளை. ஏன்க்கா?"

பெரியவள் எழுந்து நின்றுவிட்டாள். ஒரு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "பையன் பக்கத்துல போங்கம்மா, நாடியைப் பிடிச்சுப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, மறு கையால் தங்கையின் தோளை உலுக்கினாள். சின்னவள் டாக்டரைத் தேடி வராந்தாவில் ஓடினாள்.